யாருக்கெல்லாம் இறங்க வேண்டும்

பத்துப் பெரியவர்கள் நடுவில் நிறுத்தி, "அந்தப் பொம்பளை சிரிச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டால், ஒன்பது வயதுப் பெண் என்ன பதில் சொல்ல வேண்டும்? பன்னிரண்டு வருஷமாக இதை யோசிக்கிறேன். இதற்குள் இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டேன். மூத்தவளுக்கு ஐந்து வயது முடியப்போகிறது. எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

சகோதரிகளே, என்னைப் போலக் கூண்டு வண்டியில் ஏறிப் பெண் பள்ளிக்கூடம் போய் நாலெழுத்துப் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரியவர்கள் கண்ணில் பட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். எனக்கும் கோபம்தான். அதை அடக்கிக்கொண்டு நிதானமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியுமா என்று பார்க்கிறேன்.

அந்த வருஷம் ஆனி மாதம் எங்கள் தெருவுக்கு முதல் சைக்கிள் வந்தது. அப்பாவுடையது. எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் நிறைய வயல் இருந்ததாம். நான் பிறக்கும் முன்பே பெரும்பகுதி கைமாறிவிட்டது. அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சர்க்கார் கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. நிலம் போனாலும் தெருவில் மரியாதை போகவில்லை. அது குறையாமல் பார்த்துக்கொள்வதை அப்பா இன்னொரு உத்தியோகமாகவே செய்துவந்தார்.

சைக்கிள் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து ரயிலில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் வந்தது. பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் வார்னிஷும் கலந்த ஒரு வாசனை கூடம் முழுக்க அடித்தது. அம்மா அதன் கைப்பிடிக்குச் சந்தனம் வைத்தாள். ஊருக்கு வெளியே பொட்டலில் இரண்டு சேவகர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அப்பா பதினைந்து நாள் பழகினார். எருக்கஞ்செடியில் இரண்டு தடவை விழுந்தார். விழுந்ததைப் பார்த்த எங்களுக்கு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு.

ஓட்டப் பழகிய பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. சப் கலெக்டர் துரையின் சாரட்டு வந்தால் இறங்க வேண்டும். டிப்டி கலெக்டருக்கு இறங்க வேண்டும். கோவில் தர்மகர்த்தா நடந்து வந்தால், அவர் நடக்கும்போது நாம் உட்கார்ந்து போகலாமா என்று இறங்க வேண்டும். அம்மாவின் தாய்மாமா எதிர்ப்பட்டால், அவருக்கு இன்னும் பதினைந்து கோட்டை விதைப்பாடு நிலம் இருக்கிறதே என்று இறங்க வேண்டும். மறுபடி ஏறுவது லேசில்லை. பின் அச்சில் ஒரு சின்ன இரும்புப் படி இருக்கும். அதில் ஒரு காலை வைத்து, மற்றக் காலால் நாலைந்து தத்துத் தத்தி, வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்காருவதற்குள் அடுத்த பெரியவர் வந்துவிடுவார். நாங்கள் தெருப் பெண்கள் பதினொரு பேர் போகும் மாட்டு வண்டி அதே நேரத்தில்தான் புறப்படும். முக்கால்வாசி நாள் அப்பாவுக்கு முன்னால் நாங்கள்தான் பாலத்தைத் தாண்டுவோம்.

அம்மா ஒரு நாள் சோறு பரிமாறும்போது கேட்டாள். "இதை எதுக்கு வாங்குனிய? கூட நடத்திக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருந்தா, நாளைக்குப் பாலாவது கறக்கும்லா."

"உனக்கு என்னட்டி தெரியும்? இறங்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சைக்கிள்" என்றார் அப்பா.

தமக்காகப் பிறர் இறங்குவதிலும் அவர் கண்ணாக இருந்தார். தந்தி கொண்டுவரும் சேவகனுக்குச் சர்க்கார் ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. அவன் எங்கள் தெரு முனையில் இறங்கி, உருட்டிக்கொண்டே வந்து தந்தியைக் கொடுத்து, உருட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். ஒரு தடவை மறந்து ஏறிவந்துவிட்டான். "ஏலே, சட்டை சர்க்காருது, சைக்கிள் சர்க்காருது, தெரு யாருது?" என்று அப்பா கேட்டார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கொண்டுவந்த தந்தி யாரோ செத்துப்போன சேதி என்று பிறகு தெரிந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் பாளையங்கோட்டைப் பக்கம். தலைமைத் துரைசானி இங்கிலீஷ்காரர். தையலும் சித்திரமும் கற்றுக்கொடுக்க அந்த வருஷம் இன்னொரு வெள்ளைக்கார அம்மாள் வந்திருந்தார். அவர் ஒல்லாந்து தேசம். தூத்துக்குடியில் ஒரு காலத்தில் கோட்டை வைத்திருந்தார்களே, அந்த ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், தேசம். வெள்ளைக்காரர் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்திருந்தோம். இல்லை. தலைமைத் துரைசானியும் சைக்கிள் ஓட்டுவார். ஆனால் சாயங்காலத்தில், தோட்டத்துக்குள், பூந்தொட்டிகளைச் சுற்றி மட்டும் ஓட்டுவார். அது அவர்களுக்கு விளையாட்டு. ஒல்லாந்து அம்மாளோ காலையில் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டி டவுன் மார்க்கெட்டுக்குப் போய், கத்திரிக்காயும் வாழைப்பழமும் தாமே பேரம் பேசி வாங்கிவருவார். சமையல்காரர் அழுதாராம், தம் வேலை போய்விடும் என்று. துரைசானி கூப்பிட்டுக் கண்டித்தாராம். இங்கிலீஷ் தேசத்தில் கூடை கட்டிய சைக்கிள் கடைச் சிப்பந்திக்கு உரியதாம்.

ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் பாலத்தின் மேற்கு முனையில், மருதமரங்களுக்கு அடியில், அப்பாவுக்கு எதிரே வந்தார். வெள்ளைக்காரர் என்றதும் அப்பா இறங்கி ஒதுங்கி நின்றார். உடனே அந்த அம்மாளும் இறங்கி, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடி வந்தார். எங்கள் வண்டி பின்னால் நின்றது. எல்லாவற்றையும் கேட்டோம்.

"ஐயா, தங்களுக்கு யாது நேர்ந்தது? எவரேனும் மரித்தார்களா?" அந்த அம்மாள் தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. ஒண்ணுமில்லை" என்றார் அப்பா.

அம்மாள் நம்பவில்லை. குனிந்து இரண்டு சக்கரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "சக்கரங்கள் சுகமாய் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் பண்டிகை மாதிரி இருந்தது. "கலெக்டர் துரைகூட சாரட்டுல இருந்து விரலைத்தான் அசைப்பாரு. இந்த அம்மா வண்டியை விட்டு இறங்கி, கிட்ட வந்து, சுகமான்னு கேக்காவ. மனுஷனைப் பாத்தாலே குலம் தெரியும்லா" என்று அப்பா மூன்று பேரிடம் சொன்னார். நானும் வண்டியில் தோழிகளிடம் அப்படியே சொல்லிப் பீற்றிக்கொண்டேன். அதன்பின் தினமும் அப்பா இறங்குவார், அம்மாளும் பதறிப்போய் இறங்குவார், சக்கரத்தை அழுத்துவார். இது இருபது நாள் நடந்தது.

இனி டீச்சரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டேன் என்று எனக்கே தெரிகிறது.

டீச்சரம்மா புன்னக்காயல்காரர். அவர் அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். கன்னியர் விடுதியில் வளர்ந்து பரீட்சை தேறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கே உபாத்தியாயினியாக வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும், இப்போது எனக்கு இருப்பதற்கு ஒன்று கூட. மத்தியானத்துக்கு மேல் எங்களுக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக்கொடுப்பார். காலையில் பேட்டையில் நெசவுகாரர் பெண்களுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தை அவர் ஒருவராகவே நடத்தினார். பேட்டை ஆற்றைத் தாண்டி, டவுனைத் தாண்டி இருக்கிறது. மாட்டு வண்டியில் போய்த் திரும்பினால் பொழுது அதிலேயே போய்விடும். ஒல்லாந்து அம்மாள் பள்ளிக்கூடத்தில் சும்மா கிடந்த ஒரு பெண்கள் சைக்கிளைச் சரிசெய்து, பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் நூல்வலை கட்டி, டீச்சரம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

"விழுந்திருவோம்னு பயமா இல்லையா டீச்சரம்மா?" என்று நாங்கள் கேட்டோம்.

"எங்கப்பா அலைமேல நின்னுக்கிட்டே வலை இழுப்பாவ. இதுக்குக் கீழ தரை இருக்குட்டி. தரை எங்கன ஓடிரும்?" என்றார்.

ஒரு நாள் ஒல்லாந்து அம்மாள் டீச்சரம்மாவிடம், அந்தப் பெரியவரின் சைக்கிள் ஏன் தினமும் ஒரே இடத்தில் பழுதாகிறது என்று கேட்டிருக்கிறார். டீச்சரம்மா விஷயத்தைச் சொன்னார். தையல் வகுப்புக்கு வந்த அம்மாள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு எங்களுக்குச் சொன்னார்: "எங்கள் தேசத்தில் நியாயாதிபதியும் இதில் போவார், அவர் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும் இதில் போவாள். அவரைக் கண்டு அவள் இறங்கினால், தம் வீட்டில் தீப்பிடித்தது என்று அவர் அலறுவார்."

"அப்போ யாரு நியாயாதிபதின்னு எப்படித் தெரியும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவருடைய தொப்பி உயர்ந்தது."

"அந்தப் பொண்ணு அவுக கூட உக்காந்து சாப்பிடுவாளா?" என்று நான் கேட்டேன்.

அம்மாளின் முகம் சிவந்தது. "இல்லை. அவள் அடுக்களையில் புசிப்பாள். பின்வாசலால் வருவாள்" என்று சொல்லி ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தார். அவர்கள் தேசத்திலும் மேல் கீழ் உண்டு, அது ரோட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது. சிரித்த அந்த அம்மாள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. நம் ஊரில் அந்தச் சிரிப்புக்கு யார் அடிபடுவார்கள் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் முதல் ஒல்லாந்து அம்மாள் இறங்கவில்லை. மணியடித்து, "தோத்திரம் ஐயா" என்று சொல்லிப் போய்க்கொண்டே இருந்தார். அப்பா முதல் நாள், "ஏதோ அவசரம்போல" என்றார். அடுத்த நாள், "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார். ஆடி மாதம் மேகம் மூடியிருந்தது, வெயிலே இல்லை. அந்த அம்மாளுக்கு அவர் பத்து நாள் பத்துச் சமாதானம் கண்டுபிடித்தார். சகோதரிகளே, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, பாலத்தின் நடுவில் அப்பா ஒரு துரையின் சாரட்டுக்காக இறங்கி, உருட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் வண்டி அவருக்கு நேர் பின்னால். ஆற்றில் செந்தண்ணீர் போனது. மேற்கே இருந்து சாரல் காற்று ஆளைத் தள்ளியது. எதிரே, அந்தக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, டீச்சரம்மா, அன்று வழக்கத்தைவிடத் தாமதமாக, பேட்டைக்கு மிதித்து வந்தார். அவரைப் பார்த்ததும் நான் வண்டிக்குள்ளிருந்து எட்டி, விரலால் மணியடிப்பதுபோல அபிநயம் காட்டினேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. டீச்சரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். போய்விட்டார். அப்பாவின் தோளுக்கு மேலே வந்த சிரிப்பு அது.

சாயங்காலம் அப்பா வீட்டில் சாப்பிடவில்லை. "கடற்கரைக்காரி. நான் நடந்து வாரேன், அவ உக்காந்து போறா. போறது மட்டுமா, மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கா" என்றார். ஒல்லாந்து அம்மாளுக்குக் கிடைத்த பத்துச் சமாதானத்தில் ஒன்றுகூட டீச்சரம்மாவுக்குக் கிடைக்கவில்லை. காற்று என்றாவது சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

ஆவணி பிறந்ததும் தெருப் பெரியவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பெரிய கூடத்தில் நாற்காலி போட்டார்கள். தலைமைத் துரைசானி நடுவில். அந்த டீச்சர் இருந்தால் எங்கள் தெருப் பெண்கள் பதினொரு பேரும் நின்றுவிடுவார்கள் என்று அப்பா சொன்னார். நல்ல குடும்பத்துப் பெண்கள் வருகிற பள்ளிக்கூடம் என்ற பெயர் துரைசானிக்கு வேண்டியிருந்தது.

டீச்சரம்மா நின்றுகொண்டே பதில் சொன்னார். "இறங்குனா அந்தக் காத்துல மறுபடி ஏற முடியாதுய்யா. கையை எடுத்தா விழுந்திருவேன். அதான் தலையைக் குனிஞ்சேன்."

"குனிஞ்சதை நான் பாக்கலை. சிரிச்சதைத்தான் பாத்தேன். எம்மவளும் பாத்தா" என்றார் அப்பா. என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி, நேரா நில்லு. அந்தப் பொம்பளை சிரிச்சாளா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"சிரிச்சாவ" என்றேன்.

உண்மைதான். யாரைப் பார்த்து என்று ஒருவரும் கேட்கவில்லை. "என்னைப் பாத்து" என்று இன்னும் இரண்டு வார்த்தை நாக்கில் இருந்தது. அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அது அழுத்தக்கூட இல்லை, சும்மாதான் இருந்தது. நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். வகுப்பில் கணக்குக்குச் சரியான விடை சொன்னால் தலையை ஆட்டுவாரே, அப்படி ஆட்டினார்.

அன்றோடு அவருடைய சைக்கிளைக் கொட்டகையில் பூட்டினார்கள். டீச்சரம்மா பேட்டைக்கு நடந்து போனார். போய்ச் சேரும்போது உச்சிப்பொழுதாகிவிடும். காத்திருந்து பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தறிக்குத் திரும்பினார்கள். ஐப்பசியில், பிள்ளைகள் வரவில்லை என்று சொல்லி அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். பள்ளிக்கூடம் மூடியதற்கும் டீச்சரம்மாதான் காரணம் என்று சொல்லி அவரை அனுப்பினார்கள். ஒல்லாந்து அம்மாள் துரைசானியிடம் போய்ச் சண்டை போட்டு அழுதாராம். உடம்புக்கு நல்லது என்று அவரை மலைக்கு அனுப்பினார்கள். சைக்கிளையும் கூடவே ஏற்றி அனுப்பினார்கள். ஒரே தப்பைச் செய்த இரண்டு பேரில் ஒருவருக்குக் குளிர்ந்த மலை. மற்றவருக்கு, மரியாதைக் குறைவால் விலக்கப்பட்டார் என்று ஒரு காகிதம்.

நாங்கள் பதினொரு பேரும் தொடர்ந்து படித்தோம். நான் ஆறாம் வகுப்புவரை படித்தேன். இந்தக் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், அது அந்தப் பேரத்தில் எனக்குக் கிடைத்தது.

இதை இத்தனை வருஷம் சொல்லாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் வக்கீல். நான் வாழ்க்கைப்பட்ட இந்த ஊரில் புதிதாகத் தொடங்கும் பெண் பள்ளிக்கூடத்தின் கமிட்டியில் இருக்கிறார். அம்மா காலமான பிறகு அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார். என் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு மத்தியானம் அப்பாவுக்கும் அவருக்கும் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் சொன்னார்: "டீச்சர் வேலைக்கு ஒரு மனு வந்திருக்கு. புன்னக்காயல்ல பத்துப் பன்னெண்டு வருஷமா மீன்காரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்திருக்காவ. தகுதியெல்லாம் இருக்கு. ஆனா பழைய இடத்துல மரியாதைக் குறைவுன்னு ஒரு குறிப்பு எழுதியிருக்கான். அதான் கமிட்டியில யோசிக்காவ."

என் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் மோரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எழுதியிருக்கான்னா காரணம் இல்லாமலா இருக்கும் மாப்பிள்ளை? நாளைக்கு நம்ம பேத்தி படிக்கப் போற இடம். பைய விசாரிச்சுச் செய்யுங்க."

அவருக்கு ஞாபகமே இல்லை. நடிக்கவில்லை. அப்பா நடிக்கிறபோது மீசையைத் தடவுவார், எனக்குத் தெரியும். ஒருவருடைய பிழைப்பையும் ஒரு பள்ளிக்கூடத்தையும் எடுத்துவிட்டு, அதைச் சுத்தமாக மறந்தும் போயிருக்கிறார். அவர் கோபத்தோடு நினைவு வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திராது.

கமிட்டி தை மாதம் கூடுகிறது. பாலத்தில் நடந்ததையும், கூடத்தில் நான் விட்டுவிட்ட இரண்டு வார்த்தையையும் சேர்த்து, வீட்டுக்காரருக்கு ஒரு காகிதம் எழுதி முடித்துவிட்டேன். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன், பெண் அழுகை என்று தள்ளிவிடுவார்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் உங்களைக் கேட்கவில்லை. கொடுக்கத்தான் போகிறேன். கமிட்டியில் அதை வாசித்தால் அப்பாவின் பேரும் வரும். அவர் அறியாமல் அவரைப் பற்றி எழுதிக்கொடுப்பது, அன்று கூடத்தில் டீச்சரம்மாவுக்கு நடந்ததைப் போலாகிவிடும் என்று தோன்றுகிறது. ஆகையால் முதலில் அப்பாவிடம் காட்டவேண்டும். மூன்று நாளாக, அவர் படுத்து எழுந்து முகம் கழுவும் நேரம் பார்த்து, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நிற்கிறேன். "என்னம்மா?" என்கிறார். "காப்பி வேணுமாப்பா" என்று கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

பெற்ற தகப்பனிடம், முகத்துக்கு நேரே, நீங்கள் செய்தது தப்பு என்று சொன்னவர்கள் உங்களில் யாராவது இருப்பீர்கள். அப்படி இருந்தால், முதல் வார்த்தையாக எதைச் சொன்னீர்கள் என்று தை பிறப்பதற்குள் எனக்கு எழுதுங்கள்.